கடைசிப் பூச்சு

காரின் முன்விளக்கு மங்கிப்போனால் பல்பசையால் தேய்த்தால் போதும் என்று இந்தக் கபாலே ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். உங்கள் ஜீப்பிலும் யாரோ தேய்த்திருக்கிறார்கள், அஃபாண்டே. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தபோது பார்த்தேன். வலது விளக்கின் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. தப்பாக நினைக்க வேண்டாம். பல்பசை ஒரு வாரம் ஏமாற்றும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தேநீருக்கு நன்றி. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும். நானாகத்தான் வந்தேன், யாரும் என்னை இழுத்து வரவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். அது முக்கியம்.

என் பெயர் ஏனோக் பிதாரிஹோ. வயது ஐம்பத்திரண்டு. கிசோரோ சாலையில் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக ஆய்வகப் பணியாளன். குடுவை கழுவுவது, அமிலம் அளப்பது, புட்டிகளில் பெயர் எழுதி ஒட்டுவது என் வேலை. என் கை நடுங்காது, என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மகளின் பிரசவத்துக்குத் துணையாக என் மனைவி ம்பராராவுக்குப் போனாள். அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறது. மனைவி இன்னும் திரும்பவில்லை. இதைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை.

விளக்குகளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நம் எல்லாருடைய கார்களும் ஜப்பானில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிக் களைத்து, கப்பலேறி வந்தவை. முன்விளக்கை எல்லாரும் கண்ணாடி என்கிறார்கள். அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். வெயில் படாமலிருக்கத் தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய தோல் ஒன்று பூசி அனுப்புகிறார்கள். இந்த மலையில் வெயில் உடம்புக்குச் சுடாது. ஆனால் உயரம் அதிகம், வெயிலின் கடுமை பிளாஸ்டிக்குக்குத் தெரியும். தோல் உரிந்து, மஞ்சளாகி, கடைசியில் கண்புரை விழுந்தவர் பார்வை மாதிரி ஆகிவிடும். பல்பு நன்றாகத்தான் எரியும். வெளிச்சம் வெளியே வராது.

இதை வீட்டிலேயே சரி செய்யலாம். சுற்றிலும் டேப் ஒட்ட வேண்டும். உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, முதலில் எண்ணூறாம் நம்பர், பிறகு ஆயிரத்து ஐந்நூறு, பிறகு மூவாயிரம். ஒரு தாளில் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததில் குறுக்காக. தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பழைய தோல் மஞ்சள் பாலாக வழியும். வழிவது வெள்ளையாகும்வரை நிறுத்தக்கூடாது. பிறகு பாலிஷ். பளபளவென்று வந்துவிடும். இங்கேதான் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

அதற்கப்புறம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, வெயில் தடுக்கும் பூச்சு ஒன்றை மேலே அடிக்க வேண்டும். பழைய தோலை நாம்தானே உரித்தோம். புதுத் தோல் போட வேண்டியதும் நாம்தான். அதைப் போட்டால் ஒரு வருடத்துக்கு மேல் கவலையில்லை. போடாவிட்டால் ஆறேழு வாரத்தில் முன்னைவிட மோசமாக மங்கும். பார்க்கிறவருக்கு அன்றைக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் காருக்குச் செய்தேன். பள்ளியில் பார்த்தார்கள். பிறகு சனிக்கிழமைதோறும் என் வீட்டு முற்றத்தில் ஏதாவது ஒரு கார் நிற்கும். நான் காசு வாங்கியதில்லை. மூன்றே மூன்றுதான் சொல்வேன்: காரின் மூக்கை நிழல் பக்கம் வைத்து நிறுத்துங்கள், தூசியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், மாதம் ஒருமுறை மெழுகு தடவுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒருவர்கூடச் செய்ததில்லை. திங்கட்கிழமை காலை பார்த்தால் நான் மூன்று மணி நேரம் தேய்த்த விளக்கு சுட்டெரிக்கும் வெயிலைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும்.

எங்கள் பள்ளியில் பகாம்பே என்று ஒரு இயற்பியல் ஆசிரியர். நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்பார்.

"என்ன டாக்டர், இன்னிக்கு எத்தனை கண் ஆபரேஷன்?"

"உங்க காரை நிழல்ல போடுங்கன்னு போன வாரமே சொன்னேனே சார்."

"நிழல் நகருது டாக்டர். கார நான் நகத்தணும்னா பாடம் எப்ப நடத்துறது?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவருடைய விளக்குகளை நான் ஐந்து முறை செய்திருக்கிறேன். ஒரு முறையாவது, வேலை முடிந்தபின் என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போனாரா என்று கேட்டுப் பாருங்கள். சாவியை எறிந்துவிட்டுப் போவார், சாவியை வாங்கிக்கொண்டு போவார். எல்லாருமே அப்படித்தான். எதிரே வரும் மாடு தெரியாமல் போனால்தான் என் வீட்டுக்கு வழி தெரியும்.

ஜோவியா நின்சீமா டீச்சர் நான்கு வருடத்துக்கு முன் மாற்றலாகி வந்தார். புவியியல் பாடம். முப்பத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று தன் ஊரான ஹமுர்வாவிலேயே தங்கி, அங்கிருந்து தினமும் காரில் வந்து போவார். முக்கால் மணி நேரப் பாதை, முழுக்க வளைவு. காலை ஆறு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி ரோட்டில் உட்கார்ந்திருக்கும். உங்களுக்குத் தெரியாததல்ல.

அவர் சாவியை எறிந்துவிட்டுப் போகவில்லை. முற்றத்திலேயே நின்றார். "நான் ஏதாவது பண்ணட்டுமா அண்ணே?" என்று கேட்டார். தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்தேன். நான் தேய்க்கத் தேய்க்க அவர் ஊற்றினார். மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார். அம்மாவின் முழங்கால் வலி, மாணவிகள் நைல் நதியை வரைபடத்தில் எங்கெல்லாம் ஓடவிடுகிறார்கள் என்பது, இப்படி. வேலை முடிந்ததும் விளக்கில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். "அடேயப்பா, இது என் கார்தானா அண்ணே?" என்றார்.

நான் பூச்சு அடித்தேன். இரண்டு தடவை, இடையில் காயவிட்டு. என் கையில் அமைந்த மிகச் சிறந்த வேலை அது.

பதினான்கு மாதம் அந்த விளக்கு மங்கவே இல்லை. பதினான்கு மாதமும் அவர் வரவில்லை. பள்ளி நடையில் எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்பார். அவ்வளவுதான். அவர்மேல் தப்பு சொல்லவில்லை. வருவதற்குக் காரணம் இல்லை. நன்றாகச் செய்துவிட்ட வேலைக்கு இப்படி ஒரு குறை இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது முறை வந்தபோது ஏப்ரல் மாதம். பாலிஷ் முடிந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பூச்சு ஒட்டாது. "அடுத்த வாரம் வாங்க டீச்சர், ஒரு வேலை பாக்கியிருக்கு" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மழைக்காக என் வீட்டுக்குள் வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். சொல்ல மறந்துபோனது. அந்த முறை மழை பெய்தது என்பது உண்மை. பள்ளி மழைமானியில் பதிவாகியிருக்கும், சரிபார்க்கலாம்.

ஏழு வாரத்தில் திரும்பி வந்தார். "இந்தத் தடவை சீக்கிரமே போயிடுச்சுண்ணே" என்று வெட்கத்தோடு நின்றார். "சில காரோட பிளாஸ்டிக் அப்படி டீச்சர்" என்றேன்.

அன்றைக்கு மழை பெய்யவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்தச் சனிக்கிழமையும் நான் பூச்சு அடிக்காததற்கு மழை காரணமில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. நான் முற்றத்தில் சரளைக்கல் கொட்டினேன். இரண்டாவதாக ஒரு நாற்காலி வாங்கினேன். அவர் வீட்டிலிருந்து புஷெரா கொண்டுவருவார். சோளத்தைப் புளிக்கவைத்து அவர் அம்மா காய்ச்சும் கஞ்சி, என் மனைவி செய்வதைவிடக் கொஞ்சம் புளிப்புத் தூக்கல். மற்றவர்களின் கார்களை நான் மெதுவாக நிறுத்திவிட்டேன். இடுப்பு வலி என்று சொன்னேன். பகாம்பே, "டாக்டர் இப்ப ஒரே பேஷண்ட்டத்தான் பாக்குறாரு" என்றார்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அப்படி ஒன்றும் இல்லை. நான்கு வருடத்தில் அவர் கையைக்கூட நான் தொட்டதில்லை. அவர் என்னை அண்ணே என்றார், நான் டீச்சர் என்றேன். நான் கேட்டதெல்லாம் ஒரு சனிக்கிழமை மதியம். மற்றவர்கள் குடிக்கும் பீருக்கு அதைவிட அதிக நேரம் போகும்.

ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பிளாஸ்டிக் கொஞ்சம் மெலியும். உள்ளே மயிரிழை மாதிரி கீறல் விழும், அதை எந்தத் தாளாலும் எடுக்க முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அழுத்தாமல் தேய்த்தேன்.

இந்த வருடம் ஜனவரியிலிருந்து ஏழு வாரம் எனக்கு நீளமாகத் தெரிய ஆரம்பித்தது. ஏனென்று விளக்க முடியவில்லை. நாற்காலி சும்மா கிடந்தால் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். கொசு கடிக்காமலிருக்க உடம்பில் அடித்துக்கொள்ளும் மருந்து இருக்கிறதே, அதை மங்கிய விளக்கில் தேய்த்தால் ஒரே நிமிடத்தில் பளிச்சென்று ஆகும். பலர் அதை ரகசிய வைத்தியம் மாதிரி சொல்வார்கள். உண்மையில் அது பிளாஸ்டிக்கின் மேல்பரப்பை அரித்துக் கூழாக்குகிறது. கூழ் ஈரமாக இருக்கும்வரை மின்னும். பத்து நாளில் பால் மாதிரி திரிந்துவிடும். நான் ஆய்வகத்தில் இருப்பவன், எது எதைக் கரைக்கும் என்று எனக்குத் தெரியும். "இது புது முறை டீச்சர், கை வலிக்காது" என்றேன். அவர் இரண்டு வாரத்துக்கொரு முறை வர ஆரம்பித்தார்.

எனக்குத் தினமும் பால் கொண்டுவந்தவர் திண்டியேப்வா. நீங்கள் அறிந்த பெயர்தான். ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் யூகலிப்டஸ் தோப்பு வளைவுக்கு மேலே அவர் வீடு. சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் கட்டி, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டே வருவார். சாம்பல் நிறத்தில் பழைய கோட்டு, ராணுவத்தில் இருந்த மாமனாருடையது. மே மாதம் ஒரு காலை பால் ஊற்றும்போது சொன்னார்.

"ஐயா, உங்க பள்ளிக்கூட டீச்சரம்மா காரு இருக்கே, நீலக் காரு. அது வந்தா எனக்கு முதல்ல சத்தந்தான் கேக்குது. வெளிச்சம் பின்னாடிதான் வருது."

"பனி நேரம்ல. ஓரமாப் போங்க."

"ஓரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம்யா. அதுக்கு மேல எங்க போறது, பாலோட பறக்கவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேனை மூடிவிட்டுப் போய்விட்டார். நான் பாலைக் காய்ச்சினேன்.

அதே மாதத்தில்தான் பகாம்பே தலையிட்டார். அவர் கார் பழுதாகி நின்றதால் மூன்று நாள் டீச்சர் காரில் வந்திருக்கிறார். விளக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார், கடைசியில் நான் வெயில் பூச்சு அடிக்கிறேனா என்று. ஒரு சனிக்கிழமை டீச்சர் என்னிடம் அதைச் சொன்னார்.

"ஏண்ணே, மேல ஏதோ பூச்சு ஒண்ணு அடிக்கணுமாமே. பகாம்பே சார் சொன்னாரு. என் காருக்கு அடிக்கிறோமா?"

"அடிக்கிறேனே டீச்சர். நீங்க கை கழுவப் போறப்ப அடிச்சு முடிச்சுடுவேன்."

நான் அவரிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் அவர் நிம்மதிக்காகச் சொன்னேன். அடுத்த முறை அவர் கண்ணெதிரிலேயே ஒரு பழுப்புநிறப் புட்டியிலிருந்து பஞ்சில் எடுத்துத் தடவினேன். 'வெயில் தடுப்புப் பூச்சு' என்று புட்டியில் ஒட்டியிருந்தேன், தேதியோடு. உள்ளே இருந்தது தண்ணீரும் கொஞ்சம் கிளிசரினும். யாருக்கும் கெடுதல் செய்யாத பொருள்கள்.

ஜூன் மாதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. அன்று டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"அண்ணே, ஒரு நல்ல சேதி. கம்பாலாவுல என் தம்பி புது விளக்கு ஒரு ஜோடி பாத்துட்டான். அடுத்த சனிக்கிழமை பஸ்ல போட்டு அனுப்புறான். பகாம்பே சாரே மாட்டித் தர்றேன்னுட்டாரு."

"புதுசா?"

"ஆமாண்ணே. எத்தனை நாளைக்குத்தான் உங்க இடுப்ப ஒடிக்கிறது? எனக்கே பாவமா இருக்கு. இனிமே உங்களுக்குத் தொந்தரவு கிடையாது."

தொந்தரவு என்ற சொல்லை அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றுதான் தோன்றியது. இவ்வளவு உழைத்திருக்கிறேன், நான் இல்லாவிட்டால் அந்தப் பாதை எப்படியிருக்கும் என்று இவருக்கு ஒரு நாள்கூடத் தெரியாமலே போகப்போகிறது. கண் இருக்கிறவருக்கு மருத்துவர் நினைவு வராது. ஒரே ஒரு காலை அவர் அந்தப் பனியில் பயப்பட வேண்டும். மெதுவாக ஊர்ந்து, நடுங்கிக்கொண்டே பள்ளிக்கு வந்து, ஆய்வகக் கதவைத் தட்டி, "அண்ணே, நீங்க இல்லாம முடியாது" என்று சொல்ல வேண்டும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டேன்.

"புதுசு வர்றவரைக்கும் ஒரு வாரம் இருக்கே. கடைசியா ஒரு தடவை செஞ்சு விடுறேன்" என்றேன்.

கொசு மருந்தைப் பஞ்சில் எடுக்காமல் நேராக விளக்கின்மேலே அடித்தேன். ஊறவிட்டுத் துடைத்தேன். மறுபடி அடித்தேன். நான்கு முறை. அவர் உள்ளே அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்து பார்த்து, "புது விளக்கே வேணாம் போலிருக்கே" என்றார். அந்த அளவுக்கு மின்னியது. பத்து நாள் தாங்குவது, இந்த அளவு அடித்தால் மூன்று நாளில் திரியும். சனி, ஞாயிறு, திங்கள். அதை நான் முன்பே என் பழைய விளக்கு ஒன்றில் செய்து பார்த்திருந்தேன். அளவு தெரியாமல் நான் எதையும் செய்வதில்லை.

புதன்கிழமை காலை நான் சீக்கிரமே பள்ளிக்குப் போனேன். ஆய்வகத்தில் முக்காலியைத் துடைத்து வைத்து, பீக்கரில் தேநீருக்குத் தண்ணீர் போட்டேன். ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஏழரைக்கும் வரவில்லை. எட்டு மணிக்குப் பகாம்பே ஓடி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"பிதாரிஹோ, யூகலிப்டஸ் வளைவுல டீச்சர் யாரையோ அடிச்சுட்டாங்களாம். பால்காரரு. ஆள் போயிட்டாராம்."

அன்றைக்கு மட்டும் அவர் என்னை டாக்டர் என்று அழைக்கவில்லை.

நானும் போனேன். நீங்கள் அங்கே இருந்தீர்கள், என்னைக் கவனித்திருக்க மாட்டீர்கள். சைக்கிள் பள்ளத்தில் கிடந்தது. பால் ரோட்டிலிருந்து இறங்கி, செம்மண்ணில் நீளமாக ஓடியிருந்தது. டீச்சர் ரோட்டோரம் மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அந்தச் சாம்பல் கோட்டு இருந்தது. "நான் பாக்கவே இல்லண்ணே. வெளிச்சம் எனக்கே திரும்பி வந்துச்சு, வெள்ளையா. நான் பாக்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் தோளில் என் ஸ்வெட்டரைப் போட்டேன். பிறகு காரைப் பார்த்தேன். இடது விளக்கு நொறுங்கியிருந்தது. வலது விளக்கு முழுசாக இருந்தது. நான் எதிர்பார்த்த மாதிரியே திரிந்திருந்தது, விளிம்புவரை ஒரே சீராக.

அடக்கத்துக்குப் போனேன். திண்டியேப்வாவின் மனைவி என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, "உங்களுக்கு இன்னிக்குப் பால் வரலியே ஐயா" என்றார். துக்கத்தில் மனிதர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். இப்போது வேறு ஒருவரிடம் வாங்குகிறேன். கொஞ்சம் தண்ணீர் கலக்கிறார்.

டீச்சரை ரிமாண்டில் வைத்தீர்கள். விளக்கு கெட்டிருப்பது தெரிந்தே ஓட்டியதாக அவரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வேறு யார்மேலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் வாரம் நான் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "நீங்க எவ்வளவு பாடுபட்டீங்கண்ணே. என் காருதான் சரியில்ல. உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்" என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நான்கு வருடத்தில் யாரும் என் உழைப்பைப் பற்றி அவ்வளவு சொன்னதில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும்.

இரண்டாவது வாரமும் போனேன். மூன்றாவது வாரம் வாசலில் இருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மேலே பார்த்தேன். பகாம்பேயின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. தன் மனைவியோடு வந்திருக்கிறார், ஒரு முறை டீச்சரின் அம்மாவையும் கூட்டி வந்திருக்கிறார். உள்ளே போனதும் டீச்சர் சொன்னார்.

"பகாம்பே சார் வக்கீல் பாத்துட்டாருண்ணே. வெளிய வந்தாலும் நான் இனி ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன். காரை வித்துடச் சொல்லிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்துக்கலாம்னு சார் வீட்டம்மா சொல்றாங்க. நடந்தே போயிடலாமாம்."

"காரே வேணாமா?"

"வேணாம்ணே. நீங்களும் இவ்வளவு தூரம் அலையாதீங்க. உங்க இடுப்புக்கு ஆகாது."

அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை, ஒரு குடுவையை உடைத்தேன். இருபத்தாறு வருடத்தில் முதல் குடுவை. எவ்வளவு யோசித்தாலும் ஒரே இடத்தில் வந்து முட்டியது. அவருக்கு இவ்வளவு செய்தவன் நான். அவரை வெளியே கொண்டுவந்த பெயர் பகாம்பேக்குப் போகப்போகிறது. எந்த வக்கீல் வந்தாலும் முழுக்க விடுவிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவரை முழுக்க விடுவிக்கக்கூடியவன் இந்த ஊரில் ஒரே ஒருவன்தான்.

அதனால் வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று முறை அந்த விளக்குகளைப் பூச்சில்லாமல் அனுப்பினேன், அதில் எட்டு முறை கொசு மருந்தால் கெடுத்தேன். கடைசி முறை புதன்கிழமைக்குள் திரியும்படி அளந்து செய்தேன். அந்த வளைவில் அந்த நேரத்தில் திண்டியேப்வா சைக்கிள் தள்ளிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியும். எனக்குத்தானே பால் கொண்டுவந்தார். மருந்து டப்பாவும் புட்டியும் இந்தப் பையில் இருக்கின்றன. புட்டியின்மேல் இருப்பது என் கையெழுத்து.

இன்னொன்று. ஒரே பொய் என்று சற்று முன் சொன்னேன். சரியாகச் சொன்னால் இரண்டு. செவ்வாய்க்கிழமை மாலை டீச்சர் எனக்குப் போன் செய்தார். உங்கள் கோப்பில் அது இருக்காது, அவர் சொல்லியிருக்க மாட்டார்.

"அண்ணே, லைட்டு மறுபடியும் பால் மாதிரி ஆயிடுச்சு. மூணு நாள்தான் ஆச்சு. பயமா இருக்கு. நாளைக்கு பஸ்ல வந்துடவா?"

பஸ்ஸில் வந்தால் அவர் பயப்பட மாட்டார். ஆய்வகக் கதவைத் தட்ட மாட்டார். நான்கு வருடத்துக்கு ஒரு முடிவே இல்லாமல் போய்விடும்.

"ஓட்டலாம் டீச்சர்," என்றேன். "பனியில எல்லா லைட்டும் அப்படித்தான் தெரியும். நான் செஞ்ச லைட்டு அது, நம்பி எடுங்க."

நம்பி எடுத்தார்.

அவ்வளவுதான், அஃபாண்டே. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். இதை நீங்கள் அவளுக்கு, மன்னிக்கவும், டீச்சருக்குப் படித்துக் காட்டுவீர்கள் அல்லவா? முழுக்கப் படித்துக் காட்டுங்கள், நடுவில் நிறுத்தாமல். தன்னை வெளியே விட்டது யார் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இனி உள்ளே இருக்கப்போகிறவன் நான். வெளியே வந்தபின் அவர் என்னைப் பார்க்க வருவார். நன்றி மறக்கிறவர் இல்லை. எந்தக் கிழமை அவருக்குத் தோதுப்படும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.